அப்பாவின் படகுக்கு ஸ்டியரிங் வைத்தோம்

அப்பா கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எஸ்டேட் கை மாறியபோது பழைய முதலாளி தன்னுடைய பாய்மரப் படகை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன மரப்படகு. ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் கிடக்கும். வாரத்தில் ஆறு நாள் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் தண்ணீரில் இருப்பார். பாயின் கயிற்றைப் பிடிக்க நானும் போவேன்.

1980களின் நடுவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. காலுக்கு மட்டும் மெதுவாக உணர்வு திரும்பியது. அம்மா முன்பே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். சேலத்து டாக்டர், "கொஞ்ச நாளைக்கு இடது வலது குழம்பலாம். பார்த்துக்கங்க" என்று அப்பாவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்துப் படகில் ஏறினார். பின்புறத்தில் தண்ணீருக்குள் நிற்கும் சுக்கான் பலகையோடு ஒரு நீளக் கட்டை சேர்ந்திருக்கும். கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம். இடது கையால் பிடித்துப் பார்த்தார். காற்று வந்ததும் கட்டை கையை உதறிக்கொண்டு போய், திரும்பி வந்து அவர் விலாவில் இடித்தது. "போதும் கண்ணு" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் இருந்தார்.

ஸ்டியரிங் வைக்கலாம் என்பது என் யோசனை. அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். எஸ்டேட் ஜீப்பைப் பல வருஷம் பழுது பார்த்தவர், அப்பாவிடம் மரியாதை உள்ளவர். போய்க் கேட்டேன்.

"ரைட்டரய்யாவுக்குத்தானுங்க அம்மணி? மாட்டிப்போடலாமுங்க" என்றார்.

பழைய ஜீப் ஒன்றின் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தார். படகின் நடுவில் ஒரு பலகை அடித்து அதை நிறுத்தினார். அதன் அடியில் ஒரு உருளை. உருளையில் சுற்றிய இரும்புக் கம்பிக் கயிறு, படகின் இரண்டு ஓரமும் கப்பிகள் வழியாக ஓடிச் சுக்கானைப் பிடித்தது. நீளக் கட்டையை அறுத்து எடுத்துவிட்டோம். அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஞாயிறு இளங்காற்று. அப்பா இடது கையை ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்தார். படகு அவர் சொன்னபடி போனது. எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பினோம், மறுபடி போனோம். "நொம்ப லேசா இருக்குது கண்ணு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம் அதில்.

கரை நெருங்கும்போது கை அசந்து என்னிடம் கொடுத்தார். நான் வலப்பக்கம் திருப்பினேன். படகு இடப்பக்கம் போனது. அவர் எதுவும் கவனிக்காதவர் போல எட்டி, தானே சரிசெய்துவிட்டார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜீப்புல முன்னாடி டயருதானுங்க திரும்பும். இதுல திரும்பறது பின்னாடி. அந்த நெனப்புலயே கம்பியைத் தலகீழாக் கோத்துப்போட்டனுங்க. அய்யாகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. மாத்திக் கோக்க அரை மணி நேரம் ஆகாதுங்க."

சரி என்றேன். அப்பா முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப்பையும் ஓட்டியவர், அவருக்கு ஜீப் மாதிரியே இருந்தால் இன்னும் சுலபம் என்று நினைத்தேன். ஸ்டியரிங் தலைகீழாக இருந்ததால்தான் அவர் கை, பழைய கட்டையைத் தள்ளிய அதே பக்கம் தள்ளி, படகைச் சரியாக ஓட்டியது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு காற்று பலமாக இருந்தது. எதிரே ஒரு பெடல் படகில் ஒரு இளம் தம்பதி, மடியில் ஒரு குழந்தை. விலகுவதற்காக அப்பா திருப்பினார். படகு அவர்களை நோக்கித் திரும்பியது. இன்னும் திருப்பினார். இன்னும் நெருங்கியது.

"அப்பா, அந்தப் பக்கம்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். நான் கயிற்றை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். பெடல் படகை உரசிக்கொண்டு போய்க் கரைக் கல்லில் மோதினோம். யாருக்கும் அடி இல்லை. குழந்தை மட்டும் அழுதது. எங்கள் படகில் ஒரு பலகை விரிந்து தண்ணீர் கசிந்தது.

"டாக்டர் சொன்னது சரிதான்" என்றார் அப்பா.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் மாற்றிக் கோத்தது, நான் மறுபடி மாற்றச் சொன்னது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "செரி கண்ணு" என்றார். காய்ச்சல்காரப் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் குரல்.

மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டிவந்தேன். "தப்பு எம்மேலதானுங்க அய்யா. சத்தியமாச் சொல்றனுங்க" என்று அவர் நின்றுகொண்டே சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்து, "எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நீங்க நல்ல மனுசனுங்க" என்றார். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

பலகையை அடைத்து, கம்பியை மறுபடி முதலில் இருந்தபடி தலைகீழாகவே கோத்தோம். ஒரே ஒரு தடவை வாங்க என்று கெஞ்சினேன். கரை வரைக்கும் வந்தார், ஏற மறுத்தார். சரி, பார்க்கட்டும் என்று நானே தனியாகப் படகை எடுத்தேன். "பாருங்கப்பா, வலப்பக்கம் திருப்பறேன், எங்க போகுது பாருங்க" என்று கத்தினேன். படகு இடப்பக்கம் போய்ப் புதரில் செருகிக்கொண்டது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தபோது, "உனக்கு ஓட்டப் பழக்கமில்ல சாமி. உடு" என்றார்.



பிறகு இடது வலது பற்றி அவருக்குத் தன்மேல் வந்த சந்தேகம் தரையிலும் தொடர்ந்தது. செருப்புப் போடும்போது எந்தக் கால் என்று கேட்பார். ரோட்டைக் கடக்க என் தோளைப் பிடிப்பார். டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போனேன். குழப்பம் எதுவும் இல்லை, நன்றாகத் தேறிவிட்டார் என்றார் அவர். அப்பா அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

இன்னும் மூன்று வருஷம் இருந்தார். சாயங்காலம் நடக்கப் போவோம். எங்கள் வீட்டுக்குப் பிரியும் இடத்தில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, முப்பது வருஷம் தினமும் திரும்பிய இடத்தில், நின்றுவிடுவார். நான் முன்னால் போகும்வரை காத்திருப்பார். ஒருநாள் கோபத்தில் நானும் நின்றேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் இருவரும் அப்படியே நின்றோம். கடைசியில் நான்தான் நடந்தேன்.