ஒரு கதவுக்கு ஆகும் பெயிண்ட்

போன வாரம் என் காரில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. வேலூர் பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் பெயிண்ட் ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே வேலை செய்யும் பெண் கையடக்கமான ஒரு கருவியைக் கதவின்மேல் வைத்து அழுத்தினாள். "கலர் வந்துடுச்சி சார். அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றாள். கண்ணை நம்பியே வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அதற்குள் உள்ளே யாரோ தின்னர் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கோபம் போய், ஒரு பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஷேடு பார்க்கும் வேலையில் இருந்தேன். உள்ளங்கை அளவுத் தோல் துண்டு ஒன்றை அனுப்புவார்கள். அதே நிறத்தை ஆயிரம் தோலில் கொண்டுவர வேண்டும். கறுப்பிலேயே பதினோரு கறுப்பு எனக்குத் தெரியும் என்று கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வேன். கேட்பவர்கள் பிரியாணி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அந்தப் பீற்றல்தான் ஒருநாள் என்னை மாட்டிவிட்டது.

என் மனைவியின் தம்பி சம்பத்து அப்போது வேலூரில் கார் பெயிண்ட் ஷெட் வைத்திருந்தான். நான் போயிருந்த ஒரு நாள், எஸ்தர் டீச்சர் என்று ஒருவர் பழைய காண்டெஸா கார் ஒன்றில் வந்து இறங்கினார். பச்சையா சாம்பலா என்று சட்டென்று சொல்ல முடியாத மெட்டாலிக் நிறம். வண்டி வந்த நாளில் இருந்த அதே பெயிண்ட். இருபது வருஷமாக மேலே ஒரு கோட் ஏறியதில்லை. அவருடைய கணவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவர். தினமும் காலையில் யாரையும் விடாமல் தானே துடைப்பாராம். அவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. லாங் பஜார் நெரிசலில், இரும்புப் பைப் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று டிரைவர் பக்கக் கதவைக் கிழித்துவிட்டது.

கேட்ட ஷெட்டில் எல்லாம் முழு வண்டியும் அடித்துவிடலாம், அப்போதுதான் வித்தியாசம் தெரியாது என்றிருக்கிறார்கள். டீச்சருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"கதவ மட்டும் அடிங்க தம்பி. மத்த எடத்துல கை வெக்காதீங்க. அதெல்லாம் அவரு தொடச்ச பெயிண்டு."

சம்பத்து தலையைச் சொறிந்தான். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "தோல்ல நான் பாக்காத ஷேடா டீச்சர்? நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

டீச்சர் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். கார் வாங்கியபோதே கணவர் யாரிடமோ சொல்லி வாங்கி வைத்த அதே பெயிண்ட். மூடியில் ஆஸ்பத்திரி பிளாஸ்டரை ஒட்டி நீலப் பேனாவில் எழுதியிருந்தார்: 'டிரைவர் கதவுக்கு ஆகும். ஒரு தடவைதான்.' வலதுபக்கம் சாய்ந்த எழுத்து. 'த'வின் வாலை மட்டும் நீளமாக இழுத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி வர்றேன். வெயில்ல வெச்சிப் பாப்பேன். அந்தக் கதவு மட்டும் தனியா தெரிஞ்சா வண்டியவே குடுத்துடுவேன். தெனமும் அத பாத்துக்கினு இருக்க என்னால ஆவாது" என்றார்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கதவுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்துச் சம்பத்து தயாராக வைத்திருந்தான். டப்பாவைத் திறந்தால் மேலே தெளிந்த எண்ணெய், அடியில் சேறாக இறுகிய, மினுமினுப்பு தரும் வெள்ளிப்பொடி. அரை மணி நேரம் கம்பியால் கிளறினேன். பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தோல் வேலையில் எந்தக் கலரையும் நைலான் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டாமல் ஸ்ப்ரே பண்ண மாட்டோம். சின்னக் கட்டி ஒன்று விழுந்தாலும் தோல் வீண். யாரும் கேட்காமலே என் கை அதைச் செய்தது. ஆம்பூரிலிருந்து கொண்டுபோன துணியில் மொத்தப் பெயிண்டையும் ஒரு குவளையில் வடிகட்டி, துணியைத் தின்னர் பக்கெட்டில் தூக்கிப் போட்டேன்.

ஒரு பிஸ்கட் டின் மூடியில் அடித்துப் பார்த்தோம். பளபளப்பே இல்லை. பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தது.

"இன்னா மாமா இது? கலரு செத்துப் போய் கீது!"

டப்பாவில் சொட்டு மிச்சமில்லை. பெயிண்டைச் சரியாகக் கிளறவில்லையோ என்று குவளையில் விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் பச்சைதான் ஒட்டியது; மினுமினுப்பு ஒரு புள்ளிகூட இல்லை. துணி! நிமிர்ந்தால், வேறு தின்னர் ஊற்றுவதற்காகச் சம்பத்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

"டேய், ஊத்தாதடா! வெள்ளி எல்லாம் அதுலதான் கீது!"

பக்கெட் ஏற்கெனவே சாய்ந்திருந்தது. அவன் பிடித்துவிட்டான். நல்லவேளை, அது காலையில் ஊற்றிய சுத்தமான தின்னர். துணியைப் பிழிந்து பிழிந்து எடுத்தோம். பக்கெட்டைத் தெளியவிட்டு, அடியில் படிந்ததைச் சுரண்டினோம். போதாதோ என்று பயந்து டப்பா, மூடி, மூடியின் விளிம்பு எல்லாவற்றையும் தின்னரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, அந்தப் பொடியையும் சேர்த்தேன். ஒரு மினுக்கையும் விடவில்லை.

மறுபடி பிஸ்கட் டின் மூடியில் அடித்தோம். இந்த முறை நிறம் உயிரோடு இருந்தது. ஆனால் அது புது வண்டியின் நிறம். வெளியே நிற்பது இருபது வருஷ வெயில் பட்ட வண்டி. தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு மஞ்சளும் கறுப்பும் சேர்த்தேன். ஏழாவது தடவை மூடியில் அடித்தபோது சரியாக வந்தது. கதவுக்கு மிஞ்சியது ஒரு டம்ளர் பெயிண்ட்.

ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தவன் சம்பத்து. கரண்ட் போனால் பாதிக் கதவில் கோடு நின்றுவிடும் என்று நான் கம்ப்ரஸரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று கோட் ஆனது. நேராகப் பார்த்தால் நிறம் ஒட்டியது; பக்கவாட்டில் பார்த்தால் கதவு மட்டும் இருட்டாகத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. சம்பத்து காற்றழுத்தத்தை ஏற்றி, இரண்டடி பின்னால் போய், மிச்சமிருந்ததைப் பனி மாதிரி உலர்வாகத் தூவினான். பாதியில் துப்பாக்கி காற்றை மட்டும் துப்புமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவின் கடைசி ஓரம்வரை வந்தது. கதவு வெளுத்து, மற்ற இடத்தோடு சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆட்டோவில் வந்து கேட் பக்கத்திலேயே நின்று பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். கடைசியில் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, "தெரியல தம்பி" என்றார். சம்பத்து என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான்.

"டப்பா எங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"சுத்தமா கழுவி வெச்சிருக்கேன் டீச்சர்" என்று பெருமையாக நீட்டினேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார்.

"இங்க எழுதியிருந்துச்சே."

தின்னரில் பிளாஸ்டர் எப்போது உரிந்தது, மை எப்போது கரைந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நிற்க முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது. டீச்சர் கோபிக்கவில்லை. மூடியை என் பக்கம் நீட்டி, "நிறத்த அப்படியே கொண்டாந்துட்டீங்க. அவரு எழுத்தையும் பாத்தீங்க இல்ல, எழுதித் தர்றீங்களா?" என்றார்.

சம்பத்து பக்கத்து மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி வந்தான். அதை மூடியில் ஒட்டி, எழுத்தைச் சாய்த்து, 'த'வின் வாலை இழுத்து எழுதிக் கொடுத்தேன். கதவைப் பார்த்த மாதிரியே அதையும் நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "பரவால்ல தம்பி" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

சம்பத்தின் ஷெட் ரோடு அகலமானபோது போய்விட்டது. டீச்சர் மகளோடு பெங்களூருக்குப் போனார், வண்டியையும் கொண்டுபோனார். போன வாரம் அந்த ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தபோது, கையிலிருந்த ரசீதின் பின்னால் அந்த இரண்டு வரிகளையும் எழுதிப் பார்த்தேன். சாய்வு வந்தது. 'த'வின் வால் எந்தப் பக்கம் திரும்பி முடிந்தது என்பது எனக்கே மறந்துவிட்டது.