கதவைச் சாத்த ஒருவர்

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் எங்கள் மருந்துக்கடை பூட்டியிருக்கும். தலவாக்கலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சின்னக் கடை அது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கென்று முழுசாகக் கிடைக்கும். அதைத் துணி துவைத்தே தீர்ப்பது என் வழக்கம். இந்த முறை வாளியில் துணியை ஊறப்போட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து எடுத்தேன். துணி மறுநாள் வரை ஊறிக் கிடந்தது.

மூடியைத் திறந்ததும் பூண்டு வாசம் அடித்தது. அடித்தது என்று நான் சொல்கிறேன். வேறு யாராவது முகர்ந்தால் பூஞ்சணம் பிடித்த அட்டை வாசம் என்றுதான் சொல்வார்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரு சீட்டு விளையாட்டு. ரம்மி, முந்நூற்று நாலு மாதிரி இல்லை. வாள், மந்திரம், பூதம், பனிமலை என்று அழகழகாகப் படம் போட்ட வெளிநாட்டுச் சீட்டுகள். அதை ஆடிய மூன்று பேரில் ஒருவன் சமையல்காரன். பூண்டு உரித்த கையைச் சரியாகக் கழுவாமலே வந்து உட்காருவான். பெயர் சுதாகர். அவனை இனிமேல் செத்தவனாக வைத்துக்கொள்ளலாமா என்று முந்தின நாள்தான் அவன் வீட்டிலிருந்து என்னிடம் கேட்டிருந்தார்கள்.

கேட்டது அவனுடைய அண்ணன். கெட்டவர் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. தம்பிக்கு என்ன ஆனது என்று தெரியாமல் வீட்டில் பந்தல் போட்டால் ஊர் வாயில் விழ வேண்டும். காரியத்தைச் செய்து முடித்துவிட்டால் கல்யாண வேலையைத் தொடங்கலாம். கடைக்கு வந்து, இருமல் மருந்து வாங்குகிறவர் போல நின்று, "அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அந்தப் புள்ளையக் கேட்டுட்டு வா, அவ சொன்னா சரிங்குறாங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். என்னிடம் ஏன் என்றால், சுதாகர் வெளிநாட்டிலிருந்து கடைசியாகப் பேசி அனுப்பியது என் ஃபோனுக்கு. அவன் அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதற்குக் குரல் செய்தி அனுப்ப முடியாது.

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தவள் சீட்டுப் பெட்டியை எடுத்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் சுதாகரோடு நான் பேசியதில் முக்கால்வாசி இந்தச் சீட்டுகளின் மேல்தான் நடந்தது.

அப்போது நாங்கள் நல்லதண்ணியில் ஒரு விடுதியில் வேலை பார்த்தோம். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் தங்கும் இடம். நான் வரவேற்பு மேசையில், அதாவது மேசை துடைப்பதிலிருந்து மூட்டைப் பூச்சிக்குப் பதில் சொல்வது வரை. ரோசி அறைகளைப் பார்த்துக்கொள்வாள். பொகவந்தலாவைப் பக்கத்து வேதக்காரப் பெண், ஜெபமாலையும் கெட்ட வார்த்தையும் ஒரே வாயில் வரும். சுதாகர் சமையல். சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது. சீசன் முடிந்தால் மழை தொடங்கும். மழை என்றால் போர்வை காயாத மழை. துவைத்த விரிப்புகளை எல்லாம் குசினி அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டித் தொங்கப்போடுவோம். அந்த வருடம் வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோருமே புகை வாசத்தோடுதான் தூங்கினார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. இலங்கையின் வாசம் இதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படி வந்த ஒரு ஜோடி, மலையேறி நனைந்து திரும்பி, மறுநாள் அவசரமாகக் கிளம்பியபோது இந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டது. பெட்டி ஊறி உப்பியிருந்தது. சீட்டுகள் பிளாஸ்டிக் பூச்சு என்பதால் தப்பின. விதிப் புத்தகத்தை அடுப்போரம் காயவைத்துப் பிரித்தபோது கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோசை பிய்வது போல் பிய்ந்து வந்தன.

மிச்சமிருந்த பக்கங்களை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள் என்ற பெருமை எனக்கு. அந்தப் பெருமையில் பாதியை அந்தப் புத்தகம் தின்றுவிட்டது. ஒன்று மட்டும் விளங்கியது: இந்த ஆட்டத்தில் எதிராளி கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. சீட்டுக் கட்டே எதிரி.

"அப்ப யார அடிக்கிறது?" என்றான் சுதாகர்.

"பூதத்த."

"பூதத்துக்கு யாரு சீட்டுப் போடுவா?"

"அது தானா வரும்டா. நீ சும்மா ஒக்காரு."

மந்திரவாதி சுதாகருக்குப் போனார். நீண்ட தாடியும் கைத்தடியுமாக இருந்த அவருக்குக் கோடாங்கி என்று பெயர் வைத்தான். வாள் ஏந்திய பெண் ரோசிக்கு. கையில் வாளும் முகத்தில் கடுகடுப்பும் இருந்ததால் அவள் கங்காணி. எனக்கு வைத்தியர். எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான் தருவார்கள். அதை வைத்து, என் முறை வரும்போதெல்லாம் "டிஸ்பென்சர் ஐயா, ரெண்டு வெள்ளை மாத்திரை" என்று இருவரும் கத்துவார்கள். இன்று நான் மருந்துக்கடையில் நிற்பதை ரோசி இன்னும் கேலி செய்வாள்.

பெட்டிக்குள் பல கதைகள் இருந்தன. எங்களைப் பிடித்துக்கொண்டது பனிக் கணவாய் என்ற கதை. மூன்று பேரும் மலையைக் கடக்க வேண்டும். பின்னால் மூடுபனிக்குள் பூதம் வருகிறது. கணவாயின் முனையில் ஒரு கதவு. அதைச் சாத்தினால் பூதம் தாண்டாது. ஆனால் இந்தப் பக்கமிருந்துதான் சாத்த முடியும். சாத்துகிறவர் இங்கேயே நிற்க வேண்டும், பூதத்தின் அடி அவர் மேல் விழும். அடி விழுந்தால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் புத்தகம் பிய்ந்திருந்தது. "வீரர்களில் ஒருவர் விழுந்துவிட்டால்" என்பது வரை இருந்தது. அதற்குப் பிறகு வெறும் கூழ்.

"ஒருத்தர் விழுந்தா எல்லாரும் அவுட்டு" என்று சுதாகர் வாக்கியத்தை முடித்தான். தேங்காய் துருவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான். வேறு எப்படி இருக்க முடியும் என்பது போல இருந்தது அவன் குரல். நாங்களும் சரி என்றோம்.

அதனால் நாங்கள் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. மழை மாதங்கள் முழுக்க, விரிப்புகளுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்து தோற்றோம். கதவைச் சாத்தாமல் ஓடிப் பார்த்தோம், பூதம் பிடித்தது. பூதத்தைக் கொல்லப் பார்த்தோம், முடியவில்லை. விடுதி முதலாளி குசினிக்குள் எட்டிப் பார்த்து, "ஒயகொல்லோ லமயித?" என்று சிங்களத்தில் கேட்பார், நீங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா என்று. சுதாகர் உடனே எழுந்து அவருக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுப்பான். அதோடு அவர் வாய் அடங்கிவிடும். எனக்கோ ஆத்திரம். "யாராவது ஒருத்தர விட்டுட்டுப் போனாத்தான் இது முடியும். புத்தகத்துல அப்படித்தான் இருந்திருக்கும்" என்று ஒருநாள் சீட்டை வீசினேன்.

"ஒருத்தர விட்டுட்டுப் போறதுக்குப் பேரு ஜெயிக்கிறதா புள்ள?" என்று சுதாகர் சீட்டுகளைப் பொறுக்கினான். எல்லாவற்றிலும் பூண்டு.

பிறகு நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, வெள்ளைக்காரர்களும் இல்லை. விடுதியைப் பூட்டினார்கள். ரோசி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் தலவாக்கலைக்கு வந்தேன், பெட்டியும் என்னோடு வந்தது. சுதாகர் ஹட்டனில் ஒரு கடையில் கொத்து ரொட்டி போட்டான், அந்தக் கடையும் மூடியது. கடைசியில் ஒரு ஏஜென்ட் வந்தான். பனி கொட்டுகிற ஒரு தேசம், அங்கே ராணுவ முகாமில் சமையல் என்றான். அந்தத் தேசத்தில் சண்டை நடப்பது எங்களுக்கும் தெரியும். "நான் என்ன சுடவா போறேன், சோறு வடிக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் அடிக்கடி பேசினான். பிறகு அந்தக் குரல் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அவனோடு போய் எப்படியோ தப்பி வந்த ஒரு பையன், சுதாகரைக் கூட்டிப்போன குழுவில் யாரும் திரும்பவில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். யாரும் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. உடலும் வரவில்லை.

போயா நாளுக்கு வருகிறேன். பெட்டியை எடுத்தவள், கைபேசியில் அந்த விளையாட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். இத்தனை வருடமும் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். முழு விதிப் புத்தகமும் அப்படியே இருந்தது. வீரர்களில் ஒருவர் விழுந்துவிட்டால் அவருடைய சீட்டுகளை ஓரமாக எடுத்து வைக்கவும், மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரலாம். ஒருவர் கணவாயைக் கடந்தாலும் எல்லோருக்கும் வெற்றி.

பாயை விரித்து மூன்று கையும் பிரித்தேன். ஒவ்வொருவர் முறை வரும்போதும் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். தனியாக ஆடுகிறவள் நகர வேண்டிய அவசியமே இல்லை. யாராவது பார்த்திருந்தால் கோடாங்கியை நிஜமாகவே அழைத்திருப்பார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றேன். காரணம் சுதாகரின் கை. அவன் பெரிய மந்திரத்தை முதல் சுற்றிலேயே எறிந்துவிடுவான். நான் அவனுக்கு அடி படக்கூடாது என்று எல்லாவற்றையும் பொத்திப் பொத்தி வைத்தேன். அப்படி ஆடியதில் மூவரும் பாதி மலையில் பிடிபட்டோம்.

இரண்டாம் முறை அவனைப் போலவே எறிந்தேன். கதவு வரை வந்துவிட்டோம். யார் நிற்பது? அவன் இருந்தால் கையைத் தூக்கியிருப்பான். என் வைத்தியரை நிறுத்தினேன். கதவைச் சாத்தியாயிற்று, பூதம் அடித்தது, என் சீட்டுகளை ஓரமாக எடுத்து வைத்தேன். கங்காணியும் கோடாங்கியும் கடந்தார்கள். வெற்றி.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்றும் தெரியவில்லை. கையைத் தட்டிக்கொள்ளக்கூட எதிரே ஆள் இல்லை. கோடாங்கியின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயங்காலம் ரோசி அழைத்தாள். அவள் வேலை செய்யும் வீட்டில் குழந்தைகள் தூங்கும் நேரம். காரிய விஷயத்தைச் சொன்னேன். விளையாட்டு விதியையும் சொன்னேன்.

"நீ சீட்ட வீசுன அன்னிக்கே, நீ சொன்னதுதான் சரின்னு எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஜெயிச்சிட்டா அதுக்கப்புறம் எதுக்கு மூணு பேரும் ஒக்காந்து ஆடப்போறோம்?"

பாயில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினேன். பிறகு அவள், "நீ ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. அவன் பேசுனத அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. அவங்க பெத்தவங்க" என்றாள்.

மறுநாள் கடை முடிந்து அவர்கள் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். சுதாகரின் அம்மா பாக்கியம் அப்போதுதான் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனைக் காதருகே பிடித்தேன்.

"புள்ள, நான்தான். இங்க ஒரே பனி. நம்ம சீட்டுல வருமே, அந்த மாதிரி. சமையக்கட்டுல இருந்து எங்களக் கெளப்பி வேற எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க. ஃபோன வாங்கிக்குவாங்களாம். அம்மாட்ட இதப் போட்டுக் காட்டாத. நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லு." நடுவில் இரண்டு முறை இருமல்.

இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு முறை.

"தொண்ட கட்டியிருக்கு" என்றார். "சின்னதுலயே அவனுக்குப் பனி ஒத்துக்காது. ஒரு கொத்தமல்லித் தண்ணி போட்டுக் குடுக்க அங்க யாரு இருக்கா."

நான் காரியத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்: "பெரியவன பண்ணிக்கச் சொல்லு. அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் நடக்கணும்ல, அது என்ன பாவம் பண்ணுச்சு. ஆனா நான் தல முழுக மாட்டேன்."

விடுதியை இப்போது வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடிச் சன்னல் போட்டு, பெயரையும் மாற்றிவிட்டார்களாம். விரிப்புகளை இயந்திரத்தில் காயவைக்கிறார்கள் என்று நல்லதண்ணியிலிருந்து மருந்து வாங்க வந்தவர் சொன்னார். புகை வாசமில்லாத அந்த அறைகளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று பேரும் ஒன்றாகத் தோற்ற அந்த ஆட்டத்தை இனி ஆட முடியாது. எனக்கு ஜெயிக்கத் தெரிந்துவிட்டது.

காரியம் வெள்ளிக்கிழமை நடந்தது. படத்துக்கு மாலை போட்டார்கள், அண்ணன் மொட்டை அடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் பீலிக்கரைக்குப் போனோம். மலைத் தண்ணீர் பீலியிலிருந்து சடசடவென்று விழ, ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் கொடுத்தார்கள். சுதாகரின் அம்மா மேட்டில், காய்ந்த தலையோடு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சுதாகரின் அண்ணி வாளியோடு என்னிடம் வந்து, "நீங்களும் ரெண்டு வாளி ஊத்திக்கங்க" என்றார்.

தடிமன் பிடித்திருக்கிறது, தலையில் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.