தாழ்ப்பாளை நீக்கிய கை

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியில், உடை மாற்றும் அறைக் கதவு நேற்று மதியம் சிக்கிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பெண் உள்ளங்கையால் படபடவென்று தட்டினாள். எனக்கு நாற்பத்தாறு வயது. இருந்தும் சுவரோரம் ஒதுங்கிக் காதைப் பொத்திக்கொண்டேன்.

மண்ணூர் வீட்டில் அப்பா அப்படித்தான் தட்டுவார், சாராய நெடியோடு. ஒரு ராத்திரி அவர் தட்டியபோது எனக்கு ஒன்பது வயது. "தொறக்காதடி," என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தட்டல் நின்றது. "கண்ணு, அடிக்கமாட்டேன்மா. தொற," என்றார் அப்பா. அழுகிற குரல். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

உள்ளே வந்தவர் உலக்கையைத்தான் எடுத்தார். மூன்றாவது அடியில் அம்மாவின் முழங்கை முறிந்தது. வாயில் ரத்தத்தோடு அவள், "புள்ளைய விட்டுடு," என்று கத்தினாள்.

அந்தக் கை பிறகு நிமிரவே இல்லை. கோணலான அந்தக் கையாலேயே எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஏன் திறந்தாய் என்று சாகும்வரை கேட்கவில்லை. நான்தான் தினமும் என்னைக் கேட்டேன்.

கம்பெனியில் அந்தக் கதவை நெம்பித் திறந்தார்கள். "இன்னாக்கா, நீ ஏன் அழுவுற?" என்றாள் கூட வேலை செய்யும் செல்வி. எனக்குள் இருந்த அந்த ஒன்பது வயதுக்காரியிடம்தான் சொன்னேன்: "பெத்த அப்பன நம்பித் தொறந்த. அது தப்பில்லடி. அடிச்சது அவரு, நீ இல்ல."