மயக்க வாயு தீர்ந்த நாள்

சூலூருக்கு அந்தப் பக்கமுள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி போடுவதும், வேலை முடிந்ததும் அவற்றைக் கொல்வதும் சின்னாத்தாளின் பிழைப்பு. பதினோரு வருடமாகக் கணபதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது சுளிக்கிறார்களா என்ன!

ஆராய்ச்சி மாணவர் ரவிதேஜா எலிகளின் ரத்தத்தில் ஒளிரும் நுண்துகள்களை ஏற்றுவார். அவை புற்றுக்கட்டியில் போய்த் தங்கும். சதையைத் தாண்டி வரும் அந்த வெளிச்சத்தைக் கேமரா பிடித்துத் திரையில் காட்டும். நாளைக்கு மனிதருக்கு உதவும் வேலை என்று சின்னாத்தாளுக்கும் அதில் பெருமைதான்.

அன்று, அறுக்குமுன் எலிகளுக்குக் கொடுக்கும் மயக்க வாயு தீர்ந்துவிட்டது. ரவிதேஜாவுக்கோ மறுநாளே கட்டுரை அனுப்ப வேண்டும். வயிற்றிலுள்ள கட்டியைத் திறந்து, அதற்குள் ரத்தம் ஓடுவதைப் படம்பிடித்தாக வேண்டுமாம். எலி செத்தால் படம் உதவாது. பாவி மனுஷன், ஒரு எலியின் கால்களை டேப்பால் ஒட்டி, விழிப்போடு வயிற்றைக் கிழித்தார். அது வீறிட்டுத் திமிறி, டேப்பைப் பிய்த்துக்கொண்டு அவர் விரலைக் கவ்வியது. அப்படியே உதறிச் சுவரில் அடித்தார். சுவரெல்லாம் ரத்தம்.

சின்னாத்தாள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவர் கண்ணாடி தெறித்தது, உதடு கிழிந்தது.

"ஏனுங்க சார், வலிக்குதுங்களா? அதுக்கும் அப்படித்தானுங்க வலிச்சிருக்கும்!"

கூடத்தின் இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அதை நாங்க விசாரிச்சுக்கறமுங்கம்மா. நீங்க கை நீட்டுனது தப்பு. மன்னிப்புக் கேட்டாத்தான் வேலை" என்றார் அவர்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

உதட்டில் பஞ்சை அழுத்தியபடி ரவிதேஜா அடுத்த எலியை டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தார். வாயு இன்னும் வந்தபாடில்லை.

"கை நீட்டுனது தப்புத்தானுங்க. மன்னிச்சுப்போடுங்க சார்."

"சரி, உடுங்கக்கா. இதோட தலைய அசையாமப் புடிச்சுக்கோங்க" என்று கத்தியை எடுத்தார்.

எலியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. சின்னாத்தாள் அதன் கழுத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தி, மறுகையால் வாலைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இனி வலிக்காதுங்க சார். அறுத்துக்கோங்க" என்றாள்.