மெஹர் கவிழ்த்த பதிமூன்று சீட்டு

ஹெட்செட்டைக் கழற்றியதும் காதோரம் ஒரு சூடு இருக்கும். பவுடரும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை... எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. அந்தச் சூடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்பிளிட் டூட்டி. காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். நடுவில் மத்தியானம் முழுக்க ரெஸ்ட் ரூமில் ரம்மி!

என் வீடு பக்கத்துத் தெருதான். ஏழு மாதக் கைக்குழந்தை. ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்காகவே திரும்ப ஓடி வருவேன். மாமியார் ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

மொத்தம் மூன்று பேர். கஸ்தூரி அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார், மடியில் வறுத்த மல்லாட்டையோடு, வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பேர். அதுதான் எங்கள் பந்தயம். பாதி ஆட்டத்திலேயே பந்தயத்தைத் தின்று தீர்த்துவிடுவோம். இன்னொருத்தி மெஹர். என் வயசு, என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். பத்து ஆட்டத்தில் ஏழு அவள்தான் ஜெயிப்பாள்.

ரம்மியில் சீட்டு மோசமாக வந்தால், ஆரம்பத்திலேயே "ஸ்கூட்" என்று சொல்லிக் கைச்சீட்டை அப்படியே கவிழ்த்துவிடலாம். அந்த ஆட்டத்தில் தோற்ற கணக்கு. கவிழ்த்த சீட்டை, ஆட்டம் முடிந்த பிறகும்கூட, யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. இது மெஹர் போட்ட சட்டம்.

ஒருமுறை ஆர்வம் தாங்காமல் அவள் கவிழ்த்ததை நான் திருப்பிவிட்டேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"ஜெயிச்சவ சீட்டதான்டி எல்லாரும் பாக்கணும். நான் கவுத்துட்டேன்னா அது என்னோடது."

இரண்டு நாள் பேசவில்லை. சமாதானத்துக்கு நான் ஒரு முழம் மல்லி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மோசமான சீட்டு என்றால் அடுக்கவே மாட்டாள். ஒரு பார்வை, உடனே ஸ்கூட். மாறாக, உட்கார்ந்து நிதானமாக அடுக்க ஆரம்பித்தாள் என்றால் கஸ்தூரி அக்கா என்னைப் பார்ப்பார், நான் அக்காவைப் பார்ப்பேன். தொலைந்தோம் என்று அர்த்தம்.

ஒருநாள் காலை சூப்பர்வைசர் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஓசூர் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலில் ஒரு ஆள் அனுப்ப வேண்டுமாம். ஜூனியர் நாங்கள் இரண்டு பேர்தான். யார் போவது என்று நாங்களே பேசிச் சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

எனக்குக் கைக்குழந்தை. மெஹருக்கு அப்பா இல்லை, பஜார் பக்கம் ஒரு சின்ன வீட்டில் அம்மாவும் அவளும்தான். அந்த அம்மாவுக்கு இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாது. நீ போ என்று சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

பெயர் எழுதிக் குலுக்கிப் போடலாம் என்றார் கஸ்தூரி அக்கா. மெஹர் ஒத்துக்கொள்ளவில்லை.

"குலுக்கிப் போட்டா நம்ம கையில என்னக்கா இருக்கு? ஒரு ஆட்டம் போடலாம். தோத்தவ ஓசூர் போறா."

சரி என்றுதான் சொன்னேன், ஆனால் மனசுக்குள் அவளைத் திட்டினேன். ஜெயித்துவிடுவோம் என்ற தைரியத்தில்தானே கேட்கிறாள், குழந்தைக்காரி என்று ஒரு இரக்கம் இல்லையே என்று...

அக்கா சீட்டுப் போட்டார். என் கையில் ஜோக்கர் இல்லை, ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி இரண்டு சீட்டுகூட இல்லை. எதிரே மெஹர் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை உருவி இந்தப் பக்கம் செருகினாள். இன்னொன்றை அந்தப் பக்கம். ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தாள். பிறகு பதிமூன்றையும் ஒன்றாக மடக்கிப் பாயில் கவிழ்த்தாள்.

"ஸ்கூட்."

"என்னடி, ஒரு சீட்டுகூட எடுக்கல?" என்றார் அக்கா.

"சீட்டு சரியில்லக்கா."

முகம் கழுவ எழுந்து போய்விட்டாள். மேடத்திடம் சொல்ல அக்காவும் போய்விட்டார்.

நானும் அந்தச் சீட்டும் மட்டும். மேலே கை வைத்தேன். மாரில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. பார்க்காமலே கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டேன்.

அவள் சட்டத்தை மதித்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம்தான் உண்மை. நல்ல சீட்டாக இருந்துவிட்டால் நானே ஓடிப்போய், நான் ஓசூர் போகிறேன் மேடம் என்று சொல்ல வேண்டியிருக்குமே...

அடுத்த வாரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கேயே கல்யாணம் ஆனது. இரண்டு வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்த எனக்கு அவள் நம்பர் மட்டும் கிடைக்கவே இல்லை.

அன்றைய கைக்குழந்தைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பொழுது போகட்டும் என்று என் போனில் ரம்மி போட்டுக் கொடுத்தான். இதில் ஆட்டம் முடிந்ததும் எல்லார் சீட்டும் தானாக விரிந்துவிடுகிறது. நடுவில் விட்டுப் போனவர் சீட்டும்தான். முதல் தடவை அதைப் பார்த்ததும் போனைச் சட்டென்று மெத்தையில் கவிழ்த்துவிட்டேன். என்னம்மா ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

இந்தப் பதிவு எப்படியாவது உன் கண்ணில் படாதா என்றுதான் எழுதுகிறேன், மெஹர். மனசு ரொம்பத் தேடுகிறது உன்னை.

அன்றைக்கு உன் சீட்டை நான் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நீ அடுக்கினாய். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்...