வீரமலை வீட்டில் ஆண்பிள்ளை பிறக்கவில்லை

உறையூர் சுருட்டுக் கொட்டகைத் தெருவில் வெக்காளியைத் தெரியாதவர்கள் கிடையாது. முதலில் புகையிலைக் காம்பு கிள்ளுகிற பெண்ணாகத் தெரியும். பிறகு முனிசிபாலிட்டி மருத்துவச்சியாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அவள் தங்கை குங்குமவல்லியின் சாவு இருக்கிறது.

குங்குமவல்லியைப் பதிமூன்று வயதில் வீரமலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குச் சொந்தக் கொட்டகை, முப்பது ஆட்கள், ஒரு வில்வண்டி. ஏழு வருஷத்தில் அவளுக்கு ஐந்து பிரசவம். ஐந்தும் பெண், அதில் மூன்று தங்கவில்லை. ஐந்தாவதற்கு ரத்தப்போக்கு நிற்காமல் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் கிளமென்ட் அம்மா வீரமலையைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்.

"இன்னொரு தடவை கர்ப்பமானா இந்தப் பொண்ணு பொழைக்க மாட்டா. ரெண்டு வருஷமாவது உடம்பு தேறணும். புரியுதா?"

வீரமலை தலையை ஆட்டினான். வெளியே வந்ததும், "புள்ள பெக்காத பொம்பள பேச்சு அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தான். ஆறு மாதத்தில் குங்குமவல்லி மறுபடி முழுகாமல் இருந்தாள்.

1929 புரட்டாசியில் அவளுக்கு வலி கண்டது. ஒரு பகல் போய், ஒரு ராத்திரி போய், மறுநாளும் விடிந்துவிட்டது. வெக்காளி தங்கைக்கு மூன்று வயது மூத்தவள். காலராவில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அம்மாவோடு இருந்தாள். கொட்டகையிலிருந்து புகையிலைக் கையோடு ஓடிவந்தாள். வாசலில் வில்வண்டி மாடு பூட்டி நின்றது. சுருட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ளே, பெட்டிய எறக்கச் சொல்லுங்க. கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"சரக்கு ரயிலுக்குப் போகணும். சுகப்பிரசவத்துக்குத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்திருக்கு. அவர் பாத்துக்குவார்."

"அவ கண்ணே தொறக்கலீங்க!"

"பொம்பளைன்னா பெக்கத்தான் செய்யணும். நீ பெத்திருந்தா தெரியும்."

வண்டி சுருட்டுகளோடு ரயிலடிக்குப் போயிற்று. உச்சி வேளையில் குங்குமவல்லி போய்ச் சேர்ந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு எரிக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். வெளியே எடுத்தார்கள். ஆண்.

அதுவரை கல்லாக நின்ற வீரமலை அப்போதுதான் அழுதான். "என் சிங்கமே, என் வாரிசே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் கிடந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெக்காளி எழுந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள்.

"இனி உன் வீட்டுல ஆம்பளப் புள்ள பொறக்காதுடா. நான் பொறக்க விடமாட்டேன்."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நான்கு பேர் பிடித்து இழுத்துப் போனார்கள். மூன்றாம் மாதம் வீரமலை நல்லாயி என்ற பதினைந்து வயது வெளியூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். குங்குமவல்லியின் இரண்டு பெண் குழந்தைகளையும் வெக்காளியின் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

வெக்காளி புகையிலையைத் தொடுவதை விட்டாள். பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். ரத்தத் துணிகளை அலசும்போதெல்லாம் ஒவ்வொரு துணியிலும் வீரமலையின் முகம் தெரிந்தது. அந்தக் கோபம்தான் அவளை எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்தது, பரீட்சை எழுதவைத்தது. 1934இல் மருத்துவச்சி சர்டிபிகேட் வாங்கினாள். முனிசிபாலிட்டி பிரசவ நிலையத்தில் வேலை காலியானபோது உறையூரையே கேட்டு வாங்கினாள்.

அந்த நாளில் கிளமென்ட் அம்மா வெளிநாட்டிலிருந்து கர்ப்பத்தடைச் சாமான்களை வரவழைத்தார். ஒரு ரப்பர் மூடி, பஞ்சில் தொட்டு வைக்கிற நுரைப்பொடி. அவற்றைப் பற்றி வாய்விட்டுப் பேசவே படித்தவர்கள் கூசினார்கள். வெக்காளி கூசவில்லை. காவிரிப் படித்துறையில் துணி துவைக்கும் பெண்களிடம், கொட்டகையில் சுருட்டுச் சுற்றும் பெண்களிடம் நேராகவே சொன்னாள். "ஒடம்பு ஒன்னோடது. பெத்துக்கணுமா வேணாமா, எப்ப பெத்துக்கணும், நீ சொல்லு. நான் வழி சொல்றேன்."

1938இல் ஒரு நாள் காலை, வெளுத்த உதடும் வீங்கிய காலுமாக ஒருத்தி நிலையத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று, இரண்டும் பெண். பேரைக் கேட்டு நோட்டில் எழுதப் போன வெக்காளியின் கை நின்றது. நல்லாயி, வீரமலை சம்சாரம்.

"இதுங்களுக்கு நடுவுல நாலு கலைஞ்சு போச்சுக்கா. இனிமே தாங்காது. ஆனா அவரு விடமாட்டேங்கிறாரு."

ஒன்பது வருஷம் காத்திருந்தது தானாக நடந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. மூடியை எப்படி வைப்பது, எப்படிக் கழுவுவது என்று அவ்வளவு பொறுமையாக அவள் வேறு யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வருஷம் ஓடியது. நல்லாயியின் முகத்தில் வெளுப்பு மாறி ரத்தம் ஏறியது. வீரமலை குறிசொல்லும் கோடாங்கியிடம் போனான், சித்த வைத்தியரிடம் போனான், சமயபுரத்துக்கு நடந்தே போனான். ஒவ்வொன்றையும் நல்லாயி வந்து சொல்லும்போது வெக்காளிக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

ஒரு தடவை அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். "அலையட்டும். என் தங்கச்சியக் கொன்னவன் வாரிசு இல்லாமத்தான் சாகணும்."

நல்லாயி அவளை வெறித்துப் பார்த்தாள். "நீங்க குங்குமவல்லிக்கு அக்காவா?"

"ஆமா."

"அவரு புள்ள வேணும்னு என் வயித்தக் கேக்குறாரு. நீங்க பழி தீக்கணும்னு அதே வயித்தக் கேக்குறீங்க. நான் எங்கதான் போறது?"

நல்லாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மாதம் வரவே இல்லை. இனி வரமாட்டாள் என்று வெக்காளி நினைத்திருந்தபோது வந்து, "பொடி தீந்துபோச்சு. உங்களுக்காக வரல. எனக்காக வந்திருக்கேன்" என்றாள். வெக்காளி எடுத்துக் கொடுத்தாள்.

விஷயம் எப்படியோ வீரமலைக்குத் தெரிந்துவிட்டது. தன் மனைவிக்குத் தெரியாமல் வெக்காளி ஏமாற்றி மருந்து வைத்து மலடாக்கிவிட்டாள் என்று முனிசிபாலிட்டிக்கு மனு எழுதினான். விசாரணை வைத்தார்கள். வீரமலை சரிகை அங்கவஸ்திரத்தோடு வந்தான், என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து நல்லாயியையும் கூட்டிவந்தான். வெக்காளிக்கு வேலை போகும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அதிகாரி கேட்டார். "ஏம்மா, இந்த மருத்துவச்சி உனக்குத் தெரியாம ஏதாவது செஞ்சாங்களா?"

நல்லாயி புருஷனைப் பார்த்தாள், வெக்காளியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரையும் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னாள்.

"இல்லீங்க. நான்தான் கேட்டேன். எனக்கு இனிமே புள்ள வேணாமுங்க."

வீரமலையின் முகம் கறுத்துச் சுருங்கியதை வெக்காளி கண்ணிமைக்காமல் பார்த்தாள். இவ்வளவு காலமும் அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். நிலையத்தில் வைத்து அந்தச் சாமான்களைக் கொடுக்கக் கூடாது என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அன்று முதல் கிளமென்ட் அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் வைத்துக் கொடுத்தாள்.

வீரமலை அன்று சாயங்காலமே நல்லாயியைக் குழந்தைகளோடு வெளியே தள்ளினான். வேறொரு கொட்டகையில் சுருட்டுச் சுற்றி அவள் பிழைத்துக்கொண்டாள். உறையூரில் இனி பெண் கிடைக்காது என்று தெரிந்து, வீரமலை பச்சைமலை அடிவாரத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பெண் பேசினான். பெண்ணுக்குப் பதினான்கு வயது. அந்தச் சேதியை ஆள் விட்டுச் சொன்னவள் நல்லாயி.

வெக்காளி துறையூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வெயிலில் மூன்று மணி நேரம் நடந்தாள். பெண்ணின் அம்மா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வெக்காளி பக்கத்தில் உட்கார்ந்து, தங்கை செத்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். வயிற்றிலிருந்து எடுத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது அந்த அம்மாளின் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

"இதச் சொல்லவா இம்புட்டு தூரம் நடந்து வந்தீங்க?"

"இதுக்கு மேலயும் நடப்பேன்."

மறுநாளே நிச்சயதார்த்தப் புடவையும் தேங்காய்த் தட்டும் உறையூருக்குத் திரும்பி வந்தன. அதன் பிறகும் வீரமலை இரண்டு இடத்தில் பெண் பார்த்தான். இரண்டு இடத்துக்கும் வெக்காளி அவனுக்கு முன்னாலேயே போயிருந்தாள்.

வீரமலை கடைசிவரை தனியாகவே இருந்தான். பிரசவத்துக்குப் போகும்போது, சுற்றுவழியாக இருந்தாலும், வெள்ளைப் புடவையும் கையில் பையுமாக அவன் கொட்டகை வாசல் வழியாகத்தான் வெக்காளி நடப்பாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதைப் பார்க்காமல் ஒரு நாளும் அவள் தாண்டிப் போனதில்லை.

1946இல் அவன் செத்தபோது நல்லாயி தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்புக்கு நின்றுவிட்டு வந்தாள். வெக்காளி போகவில்லை. கிளமென்ட் அம்மாவே, "இனியாவது மன்னிச்சிடேன் வெக்காளி" என்று சொல்லிப் பார்த்தார்.

"செத்துட்டா நல்லவனாயிடுவானாம்மா?" என்றாள் வெக்காளி. உள்ளே ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவளிடம் போனாள்.