யாரும் எண்ணாத பந்துகள்

பேஸ்பால் கஷ்டமா, சாஃப்ட்பால் கஷ்டமா? ஓக்லஹோமாவில் எங்கள் வெல்டன் ஊரில் இந்தச் சண்டை முடிவெட்டும் கடையில் நடக்கும். ப்ரூயிட் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே நடந்தது. மகள் கெண்ட்ரா, பெரிய பந்தைக் கீழிருந்து சுழற்றி வீசும் பெண்கள் ஆட்டமான சாஃப்ட்பாலில் வீசுபவள். ஒரு வயது சின்னவனான தம்பி கோல்பி பேஸ்பாலில் வீசுபவன். அப்பா டுவைட்டுக்குக் கோதுமைக் கிடங்கில் வேலை. பேஸ்பால் என்றால் உயிர்.

“பூசணிக்கா மாதிரி பந்து. கண்ண மூடிட்டே அடிக்கலாம்” என்பான் கோல்பி.

“முதல்ல கண்ணத் தொறந்துட்டு அடி, பாப்போம்.”

ஒரு மாலை அவன் தன் அணிப் பையன்கள் நாலு பேரைக் கூட்டிவந்தான். கெண்ட்ரா வீசியதில் ஒருவன் மட்டையும் பந்தைத் தொடவில்லை.

“பக்கத்துல நின்னு வீசறே. அதான்.”

“பக்கத்துல நின்னா உனக்கு யோசிக்க நேரமில்லடா. ஆட்டமே அதுதான்.”

இரண்டு ஆட்டத்துக்கும் குணமே வேறு. பேஸ்பால் பையன்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள்; சிரித்தால் கௌரவக் குறைச்சல். சாஃப்ட்பால் பெண்கள் வாளியைத் தட்டி ஆட்டம் முழுக்கப் பாடுவார்கள். எதிரணிப் பெண்ணின் பெயரை வைத்து அங்கேயே பாட்டுக் கட்டுவார்கள். அந்தக் கூச்சல் இருந்தால்தான் கெண்ட்ராவுக்கு வேகம் வரும்.

இன்னொரு வித்தியாசத்தைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. கோல்பி வீசும்போது டுவைட் கையில் சின்ன எண்ணும் கருவி இருக்கும். ஒரு பந்துக்கு ஒரு அழுத்து. தோள் கெடாமலிருக்க ஒரு நாளைக்கு வைத்த அளவைத் தொட்டதும் எழுந்து நின்று, “போதும், பையனை வெளிய எடுங்க” என்று கத்துவார். கெண்ட்ரா ஆடும் நாளில் கருவி காரிலேயே கிடக்கும்.

“மேலேருந்து வீசினாதான் தோள் போகும். கீழேருந்து வீசறது கைய வீசி நடக்கிற மாதிரி” என்பார். ஊரே அப்படித்தான் நம்பியது. அதனால் ஓர் அணிக்கு வீச ஒரே பெண் போதும் என்று இருந்தார்கள்.

கெண்ட்ராவின் பதினேழாவது வயதில், ஒரு ஜூலைப் போட்டிக்குக் கேன்ஸஸ் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் அவளைப் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் படிப்புச் செலவு முழுதும் கல்லூரியுடையது. கல்லூரிக்குப் போக அவளுக்கு வேறு வழியில்லை. சனிக்கிழமை அணி ஓர் ஆட்டம் தோற்றது. இனி ஒன்று தோற்றாலும் வீட்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆட்டம் மேல் ஆட்டம்.

முந்தின நாள் தன் ஆட்டத்தில் வீசியிருந்த கோல்பி, தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நிழலில் இருந்தான். தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கப் போனவனை டுவைட் அதட்டினார்.

“டேய், அந்தக் கையால தூக்காதே. அக்கா தூக்குவா.”

கெண்ட்ரா தூக்கினாள்.

மூன்றாவது ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு வேலியோரம் வந்தாள். “அப்பா, விரல் மரத்துப் போச்சு. பந்து கையில இருக்கிறதே தெரியல.”

“வெயில்மா. தண்ணி குடி. அந்தக் கோச் இன்னும் எழுந்து போகல பாரு.”

“நம்ம டீம் ஜேனாவுக்கும் வீசத் தெரியும். அவளக் கொஞ்ச நேரம் வீசச் சொல்லட்டுமா?”

“இன்னைக்கா? பைத்தியமா உனக்கு?”

கடைசி ஆட்டம். முதல் ஆளை வீழ்த்தினாள். அடுத்தவளுக்கு வீசும்போது கை சுழன்று முன்னால் வந்தது, பந்து வரவில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்து உருண்டது. கவனிக்காத பெண்கள் இன்னும் ஒரு வரி பாடிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். கெண்ட்ரா தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டிருந்தாள். கேன்ஸஸ்காரர் சற்று நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை மடக்கினார்.

டல்ஸா நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்: “அன்னைக்கு எத்தனை பந்து வீசினே?”

கெண்ட்ரா அப்பாவைப் பார்த்தாள். கோல்பியின் எந்த ஆட்டத்துக் கணக்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர் அவர்.

“நெறைய இருக்கும், டாக்டர்” என்றார்.

திரும்பும் வழியில் காரில் அவர்தான் முதலில் பேசினார். “இவ்வளவு வலின்னு நீ சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னேன்ப்பா.”

அவர் கையை நீட்டி ரேடியோவைப் போட்டார்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. தோள் முழுதாகத் திரும்பவில்லை. கேன்ஸஸிலிருந்து அழைப்பும் இல்லை. கோல்பி பேஸ்பால் உதவித்தொகையில் இரண்டு வருடம் கல்லூரிக்குப் போய்விட்டு டயர் விற்க வந்துவிட்டான். அவன் கைக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. கெண்ட்ரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே நாற்பதைத் தொடப்போகிறாள். கனமான தட்டுகளை இடது கையால் எடுப்பாள்.

போன வசந்தத்தில் பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்குப் போனாள். பெண்கள் வீசும் பந்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள் என்றாள்.

“இப்ப நம்ம அணியில வீசறது என் பொண்ணுதான். அவ வலிக்குதுன்னு ஒண்ணும் சொல்லலியேம்மா?” என்றார் தலைவர். குரலில் கிண்டல் இல்லை.

“சொல்லுவா, சார். அன்னைக்கு அவளை மறுபடி வீச அனுப்பாதீங்க.”

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது: பேஸ்பால் மைதானத்துக்குப் புது விளக்குகள்.